[கலைச்சொல்] மாதிரி டாங்கியில் 'வெதரிங்' செய்வதற்குத் தமிழில் என்ன?

சென்னை, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான மாதிரி வடிவமைப்புப் பயிலரங்கு ஒன்றுக்குக் கையேடு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் ஓட்டிய டைகர் டாங்கியின் மாதிரி ஒன்றை 1/16 அளவில் ஒட்டி, வண்ணம் பூசி, விளக்கு பொருத்துவது வரை பாடம். ஒட்டுவதும் பூசுவதும் முடிந்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிற வேலையில்தான். புதுக் கருக்கு மாறாமல் பளபளவென்று நிற்கும் வண்டியில் தூசு, சேறு, எண்ணெய்க் கறை, பெயிண்ட் உரிந்த இடம், புகைக்குழாய்த் துரு எல்லாம் ஏற்றி, நிஜமாக ஓடிய வண்டி போலக் காட்டுவதை 'வெதரிங்' என்கிறார்கள். 'வானிலைச் சிதைவு' என்று போட்டேன், அது புவியியல் பாடம் என்று சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொல்வது சரிதான். வினையாகவும் வர வேண்டும், 'இந்த மூடிக்கு இன்னும் கொஞ்சம் ___' என்று ஆசிரியர் வாயில் வருவது போல. உதவுங்கள்.

திருவையாறு, திங்கள் மதியம்

அம்மா, நீங்கள் தேடும் பொருளை ஔவை பாடி வைத்திருக்கிறார். புறநானூறு 95 எடுத்துப் பாருங்கள். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிய வேல்கள், காவல் மிகுந்த மாளிகைக்குள் பத்திரமாக. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி, 'கோடுநுதி சிதைந்து' கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பெட்டியிலிருந்து எடுத்த மாதிரிக்கும் வேலை செய்து முடித்த மாதிரிக்கும் உள்ள வேறுபாடு இதுதானே? ஆகவே சிதை என்னும் வேரை விடக்கூடாது என்பது என் கருத்து. சிதைவேற்றம், அல்லது சுருக்கமாகச் சிதைத்தல். சிதைதல் தன்வினை, சிதைத்தல் பிறவினை, இலக்கணமும் சுத்தம். மேலும் அந்தப் பாட்டில் வரும் 'கொல்துறைக் குற்றில்' என்ற தொடரில் உள்ள குற்றில் என்ற சொல்லைப் பற்றி உரையாசிரியர் சொல்வதையும் நாம் பேச வேண்டும், குறு+இல், சிறிய கொட்டில் என்ற பொருளில் மாதிரி செய்பவரின் பணிமேசைக்கே அந்தப் பெயர் வைக்கலாம், ஆனால் அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

கோவை, திங்கள் இரவு

> சிதைவேற்றம், அல்லது சுருக்கமாகச் சிதைத்தல்

ஐயா, பாட்டு அருமை. அதை நான் பயிலரங்கில் பையன்களுக்குச் சொல்லப்போகிறேன். ஆனால் சொல் வேண்டாம். 'சிதைத்து வா' என்றால் வண்டியை உடைத்துக்கொண்டு வருவார்கள். குண்டு துளைத்த ஓட்டை, கழன்ற சங்கிலி இதெல்லாம் சேதம், அதைக் காட்டுவது வேறு வேலை.

இன்னொரு விஷயம். இதற்கு முன்பு எங்கேயோ 'மூப்பூட்டல்', 'பழமையூட்டல்' என்று பார்த்த நினைவு. அதுவும் தப்பு, ஏன் என்று சொல்கிறேன். இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் டைகர் 131-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1943 பிப்ரவரியில் கட்டி முடித்த வண்டி. துனிசியாவுக்குக் கப்பலேறி, ஏப்ரலில் பிரிட்டிஷார் கையில் சிக்கிவிட்டது. தொழிற்சாலையை விட்டு வந்து சுமார் இரண்டு மாதம்! இதில் மூப்பு எங்கே, பழமை எங்கே? இரண்டு மாதத்தில் கவசத் தகடு செக்கச்செவேலென்று துருப்பிடிக்காது. பலர் தங்கள் மாதிரியில் தலை முதல் கால் வரை துருவை அப்பிவிட்டு அதையே வெதரிங் என்று படம் போடுகிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. அந்த வண்டியில் இருந்திருக்கக்கூடியது என்ன? சக்கரத்துக்கும் கீழ்த்தட்டுக்கும் புழுதி. மூடிகளின் விளிம்பில் ஆட்கள் ஏறி இறங்கி பூட்ஸ் உரசிய இடம். எரிபொருள் ஊற்றும் வாயைச் சுற்றி வழிந்த கறை, அதன் மேல் ஒட்டிய தூசு. பின்னால் சூட்டில் நிறம் மாறிய புகைக்குழாய். தரையில் படும் சங்கிலிப் பற்கள் துருவே இல்லாமல் தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னும். எல்லாமே ஆட்கள் ஓட்டியதால் வந்தவை, வயதால் வந்தது ஒன்றுமில்லை.

வீட்டில் பத்து வருடம் பரணில் கிடந்த தோசைக்கல்லும் தினம் அடுப்பில் ஏறும் தோசைக்கல்லும் ஒன்றா? இரண்டாவதைப் 'புழங்கின கல்' என்கிறோம். அந்தச் சொல்தான் எனக்கு வேண்டும். புழக்கமூட்டல். 'இந்த மூடிக்கு இன்னும் கொஞ்சம் புழக்கம் ஏற்று', 'புழக்கம் ஜாஸ்தி ஆயிடுச்சு' என்று வாயில் வருகிறது. நான் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடுக்கவில்லை.

டொராண்டோ, செவ்வாய்

கோவை அண்ணை சொன்ன விளக்கம் மிகச் சரி. ஆனால் எங்களுக்கு ஏற்கனவே சொல் இருக்கு. யாழ்ப்பாணத்தில் 'பாவிச்ச சாமான்' என்றுதான் சொல்லுவம். பாவனை, பாவனைப் பொருட்கள், எல்லாம் அன்றாடச் சொல். பாவனையேற்றம் என்று வைக்கலாமே? உங்களுக்குப் 'பாவனை' என்றால் பாசாங்கு, நடிப்பு. அதுவும் பொருந்துதுதானே! ஓடாத வண்டியை ஓடினது போல நடிக்க வைக்கிறது. ஒரே சொல்லில் இரண்டு கரையின் பொருளும் வருது.

இன்னொன்று, இலங்கைப் புவியியல் புத்தகங்களில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு 'வானிலையாலழிதல்' என்று படிச்சனாங்கள். அது பாறைக்கு நல்ல சொல். அதைத் தொடக்கூடாது என்ற சரிபார்ப்பவருக்கு என் ஆதரவு.

மதுரை, செவ்வாய் மாலை

வெதரிங் இருக்கட்டும், தலைப்பில் 'டாங்கி' என்று எழுதியிருப்பதை ஒருவரும் கேட்கவில்லையே? தகரி என்று எழுதுவோர் இருக்கிறார்கள், தகர் என்ற வேர் நம்முடையது. வேண்டாமென்றால் ஈழத்தார் போலத் தாங்கி என்றாவது எழுதலாம். சொல்லப்போனால் ஆங்கிலச் சொல்லே நம்மிடமிருந்து போனதாகத்தான் நான் நீண்ட நாளாகக் கருதுகிறேன். 1915-இல் பிரிட்டிஷார் இந்த வண்டியை ரகசியமாகக் கட்டியபோது, பார்ப்பவருக்குத் தண்ணீர்த் தொட்டி என்று தோன்றட்டும் என்று வைத்த மறைபெயர்தான் 'டேங்க்'. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் முதன்முதலாகக் களமிறங்கிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. சரி, தொட்டிக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அகராதிகள் குஜராத்தி, மராத்தி, போர்த்துகீசியம் என்று சுற்றுகின்றன. தொண்டை மண்டலத்தில் வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊருக்கு ஊர் தாங்கல் இருக்கிறதே, ஏரி நீரைத் தாங்குவது தாங்கல், அதை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை? தாங்கு, தாங்கல், தாங்கி. வட்டம் முழுமையாகிறது. 'பீரங்கி வண்டி' மட்டும் வேண்டவே வேண்டாம், அது பரங்கியின் உறவு.

திருவையாறு, செவ்வாய் இரவு

மதுரை நண்பருக்கு: தாங்கல் தூய தமிழ், ஐயமில்லை. ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. தாங்கலின் ஈற்று லகரம் எங்கே போயிற்று, குஜராத்திக்கு எந்த வழியாகப் போயிற்று என்று காட்ட வேண்டும். அதுவரை நான் ஏற்க மாட்டேன்.

கோவைத் தம்பிக்கு: சிதைவை விட்டுக்கொடுக்கிறேன், நீங்கள் சொன்ன காரணம் வலுவானது. ஆனால் புழக்கமூட்டல் நீளம். மழுங்கு – மழுக்கு, ஒடுங்கு – ஒடுக்கு, கசங்கு – கசக்கு. மெல்லெழுத்து வல்லெழுத்தானால் பிறவினை. அந்த வழியில் புழங்கு – புழக்கு. ஆகவே தொழிற்பெயர் புழக்கல். ஐந்தே எழுத்து. இப்படிச் சொல் பிறப்பது மொழியின் இயல்பு, ஊட்டலும் ஏற்றலும் ஒட்டுப்போடுவது.

கோவை, புதன் காலை

ஐயா, புழக்கல் என்று அச்சடித்தால் பாதிப் பேர் புழுக்கல் என்று படிப்பார்கள். எங்கள் பக்கம் புழுக்கல் என்றால் அரிசி. ஓர் உகரம்தான் வித்தியாசம். வேண்டாமே.

பெங்களூரு, புதன்

நான் சொல்வதைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பிள்ளைகள் கையேட்டை மூடியதும் தேடுவது காணொளியில். அங்கே எல்லாரும் வெதரிங் என்றுதான் சொல்கிறார்கள். பெயிண்ட் குப்பியிலும் அதுதான் போட்டிருக்கிறது. வெதரிங் என்றே எழுதுங்கள். கிட்டத்தட்ட எல்லா வேலைக்கும் தமிழ்ச்சொல் இருக்கும்போது இந்த ஒன்று கடனாக இருந்தால் குடி முழுகாது.

கோவை, புதன்

குடி முழுகாதுதான். ஆனால் வெதரிங் என்ற சொல்லைக் கேட்ட பையன் மழை, வெயில் என்று நினைத்துத்தான் வண்டி முழுக்கத் துரு பூசுகிறான், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொல்லே தப்பான வேலைக்குத் தள்ளுகிறது. தமிழில் 'புழக்கம்' என்று சொன்னால் அவனே கேட்பான், 'யார் புழங்கினார்கள், எங்கே கை வைத்தார்கள், எங்கே கால் வைத்தார்கள்?' அப்புறம் தூரிகை சரியான இடத்துக்குத் தானே போகும். நான் இதற்காக இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் அதுதான், தூய்மை இல்லை.

அளவும் அப்படித்தான். 1/16-இல் ஒரு மில்லிமீட்டர் பெயிண்ட் உரிசல் என்றால் நிஜ வண்டியில் 16 மில்லிமீட்டர். அதே ஒரு மில்லிமீட்டரை 1/35 வண்டியில் வைத்தால் 35, உள்ளங்கையில் பாதி. பெரிய மாதிரி என்பதால் பெரிய உரிசல் வைக்கலாம் என்று நினைப்பது தலைகீழ்ப் புரிதல். பெரிய மாதிரியில் சின்ன உரிசலைக்கூடக் காட்ட முடியும், அதுதான் அதன் வசதி. இதற்குப் 'பொருக்கு' என்று போடுங்கள் அக்கா. காய்ந்த சேறு, பெயிண்ட், எது பெயர்ந்தாலும் பொருக்குத்தானே. நீர்த்த எண்ணெய் வண்ணம் ஆணித்தலையைச் சுற்றி ஓடித் தேங்குவதை நாங்கள் 'வாஷ்' என்போம், அதைக் கழுவல் என்று பெயர்த்துவிடாதீர்கள், இருக்கிற வண்ணமும் கழுவப்படும். இடுக்குப்பூச்சு சரியாக இருக்கும்.

சென்னை, புதன் இரவு

பொருக்கு, இடுக்குப்பூச்சு இரண்டையும் உடனே எடுத்துக்கொண்டேன், நன்றி தம்பி. டாங்கி விவாதத்தைத் தனி இழையாகத் தொடருங்கள் என்று மதுரை ஐயாவைப் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். கையேட்டில் அட்டைப்படமே டாங்கி என்று அச்சாகிவிட்டது.

இப்போது விளக்கு அத்தியாயம். 'பிளாக்-அவுட் லாம்ப்' என்று வருகிறது. போர்க்காலத்தில் வானத்திலிருந்து தெரியாமல் மறைத்த விளக்கு. பின்பக்க விளக்கு ஒன்றும் இருக்கிறது, நான்கு சிறு சாளரங்களோடு. அதற்குப் பெயரே கிடைக்கவில்லை.

திருவையாறு, வியாழன் காலை

இருட்டடிப்பு! இரண்டாம் உலகப்போரின்போது சென்னையில் விளக்கணைத்து இருந்ததை என் தகப்பனார் இந்தச் சொல்லால்தான் சொல்வார். இப்போது செய்தித்தாளில் 'செய்தி இருட்டடிப்பு' என்று மட்டும் வருகிறது. சொல் தன் பழைய வேலைக்குத் திரும்பட்டும். இருட்டடிப்பு விளக்கு. முதல் போரில் 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு வீசியதிலிருந்து 'எம்டன்' என்பதே தமிழாகிவிட்டது, ஜெர்மன் வண்டியைப் பற்றிப் பேசும்போது அதையும் ஒரு அடிக்குறிப்பில் சொல்லலாம்.

கோவை, வியாழன்

இருட்டடிப்பு விளக்குக்கு என் வாக்கு. நான்கு சாளர விளக்கின் வேலையைச் சொன்னால் பெயர் தானே வரும். இரவு அணிவகுப்பில் பின்னால் வருபவன் அதைப் பார்த்தே தூரத்தைக் கணிப்பான். ரொம்பத் தள்ளி இருந்தால் நான்கும் கலந்து ஒரே புள்ளியாகத் தெரியும். சரியான தூரத்தில் இரண்டு. நான்கும் தனித்தனியாகத் தெரிந்தால் முட்டப்போகிறாய் என்று பொருள். 'இடைவெளி விளக்கு' என்று வையுங்கள்.

விளக்குக்கும் புழக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதையும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள். வெள்ளை எல்இடி நீலம் அடிக்கும். 1943-இன் இழைபல்பு மஞ்சள். எவ்வளவு அழகாகப் புழுதி ஏற்றியிருந்தாலும் அந்த நீல வெளிச்சம் ஒரு நொடியில் பொம்மையாக்கிவிடும். இளமஞ்சள் எல்இடி வாங்குங்கள், அல்லது வெள்ளையின் மேல் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு வண்ணம் மெல்லிசாகப் பூசுங்கள். 7.2 வோல்ட் மின்கலத்துக்கும் 3 வோல்ட் எல்இடிக்கும் நடுவே 220 ஓம் தடை, சுமார் 19 மில்லியாம்பியர் ஓடும், போதும். விளக்குக் கூட்டின் உட்புறம் முதலில் கறுப்பு, பிறகு வெள்ளி. கறுப்பை விட்டால் பிளாஸ்டிக் வழியாக ஒளி கசிந்து விளக்குக் கூடே மின்மினி மாதிரி எரியும். கடைசியாக, கண்ணாடி மேல் ஒரு துளி புழுதிப்பொடி. சுத்தமான கண்ணாடியோடு சேற்றில் நிற்கும் வண்டி நம்ப வைக்காது.

சென்னை, வெள்ளி அதிகாலை

கோப்பை அனுப்பிவிட்டேன். புழக்கமூட்டல் (வினையில் 'புழக்கம் ஏற்று'), பொருக்கு, இடுக்குப்பூச்சு, இருட்டடிப்பு விளக்கு, இடைவெளி விளக்கு. முதல் இடத்தில் மட்டும் 'வெதரிங் எனப்படும்' என்று சேர்த்திருக்கிறேன், பெங்களூரு நண்பர் சொன்னபடி பிள்ளைகள் தேட வேண்டுமே. பாவனையேற்றம் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் இங்குள்ள பிள்ளை அதைப் பாசாங்கு என்று மட்டும் படிக்கும். பெரும்பாலோர் பதில் எழுதவில்லை, எழுதியவர்களில் மூவர் புழக்கத்துக்கு.

டொராண்டோ, வெள்ளி

விளங்குது அக்கா, குறை இல்லை. ஆனால் எங்கட பிள்ளைகளுக்கு இங்க நடத்துகிற வகுப்பில நான் பாவனையேற்றம் என்றுதான் சொல்லப்போறன். இரண்டும் இருக்கட்டும்.

திருவையாறு, வெள்ளி இரவு

வாழ்த்துகள் அம்மா. புழக்கல் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. புழுக்கலோடு மயங்கும் என்பது காரணமாகாது, கலமும் களமும் தமிழில் இருக்கத்தான் செய்கின்றன. இரண்டாம் பதிப்பு வந்தால் மறுபடி எழுதுகிறேன். குற்றில் பற்றிய மடல் நாளை.