ஃபிலிம் கழுவும் நேரம் உங்களுக்கு எப்படிப் பிடிபட்டது?

முதல் ரோலைக் கழுவியபோது அட்டவணையில் இருந்த நேரம்தான் எனக்கு வேதவாக்கு. எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம், படத்தை வெளிக்கொண்டுவரும் ஐடி-11 டெவலப்பர் கரைசல், தண்ணீர் சேர்க்காமல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். நிமிடத்தைப் பார்த்தேன், டிகிரியைப் பார்க்கவில்லை. மறுநாள் தெர்மாமீட்டர் வாங்கி அதே பாட்டிலுக்குள் விட்டால் 27! வெள்ளைச் சட்டைக்காரர் நெகடிவில் தார் பூசினாற்போல் இருந்தார். பிரிண்டில் அந்தச் சட்டைக்குப் பொத்தானே கிடையாது.

சூட்டுக்கு ஏற்ப நேரத்தைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டால் நாலு நிமிடத்துக்கு வந்து நிற்கிறது. ஐந்துக்குக் கீழே போனால் டெவலப்பரை ஊற்றி வடிக்கிற நேரமே கணக்கைக் கெடுத்து, வானமெல்லாம் திட்டுத் திட்டாகிவிடும். அதனால் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்தேன். அப்போது 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் ஒன்பதுக்குப் பக்கம். ஒரு தொட்டித் தண்ணீரில் ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டால் 24 சுலபமாக நிற்கும். 20-க்கு இறக்கப் போராடுவதை விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு முழு ரோலையும் ஒரே சுவர், ஒரே வெயில், ஒரே எக்ஸ்போஷர் என்று எடுத்து, இருட்டில் மூன்றாக வெட்டி 8, 9, 10 நிமிடம் கழுவினேன். எனக்கு எட்டுதான் ஒத்துவந்தது. பிரிண்ட் போடும் என்லார்ஜர், லென்ஸால் வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்சர் வகை, அதுவே கான்ட்ராஸ்ட்டை ஏற்றிவிடும். ஒரு ரோல் வீண் என்று வீட்டில் சொன்னார்கள். சொல்லட்டும்.

உங்கள் கதை என்ன?

—

எனக்கு நேர்மாறு. நெகடிவ் எல்லாம் நோஞ்சான். மூன்று ரோலுக்கு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். முகம் வெளுத்ததே தவிர, மரத்தடி நிழலில் ஒன்றும் வரவில்லை. பழைய டார்க்ரூம் ஆள் ஒருவர் நெகடிவை வாங்கி, படத்தைப் பார்க்காமல் ஓரத்து எண்களைப் பார்த்தார். அவை ஃபேக்டரியிலேயே வெளிச்சம் காட்டி அச்சிட்டவை, நம் கேமராவுக்குச் சம்பந்தமில்லை. எண் கறுப்பாக, பளிச்சென்று இருந்தால் கழுவியது சரி, வெளிச்சம்தான் போதவில்லை. எண்ணும் மங்கலாக இருந்தால் டெவலப்பரையோ நேரத்தையோ சந்தேகப்படலாம். என் எண்கள் பளிச். அன்றிலிருந்து ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு மீட்டரில் 250 வைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறேன், நேரத்தையும் பழையபடி இறக்கிவிட்டேன். நிழல் கேமராவிலேயே விழுந்திருக்க வேண்டும், ஃபிலிம் கழுவும் டேங்கில் எவ்வளவு நேரம் ஊறினாலும் வராது.

—

நேரமும் சூடும் சரியாக இருந்தும் எனக்குக் கான்ட்ராஸ்ட் எகிறியது. காரணம் கை. சாமி வந்தவன் மாதிரி டேங்கைக் குலுக்கிக்கொண்டே இருப்பேன். ஓரத் துளைகளுக்கு நேரே படத்துக்குள் கோடு இறங்கியிருந்ததைப் பார்த்துத்தான் உறைத்தது. இப்போது நிமிடத்துக்கு ஒரு தடவை, முதல் பத்து விநாடியில் நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவேன். அப்புறம் டேங்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வேன்.

—

ஓரத்து எண் விஷயம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பரணிலிருந்து அந்த முதல் ரோலை எடுத்துப் பார்த்தேன். சட்டைக்குப் போட்டியாக எண்ணும் தார்தான். கறுத்துத் தடித்து, 8-இன் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன.