ஃபைபர் ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்ற விடமாட்டேங்குது, வழி உண்டா?

கருங்கல்_அம்மா:
வீட்டுல ஃபைபர் லைன். மகன் ஏழாம் வகுப்பு. லேப்டாப்பும் ஒரு ஆண்ட்ராய்டு போனும் எப்பவும் அவனுக்க கையிலதான். ஆபாசத் தளம் எதுவும் திறந்திரக் கூடாதுன்னு, தளத்தோட பேர முகவரி நம்பரா மாத்திக் குடுக்குற டிஎன்எஸ் சர்வர ரவுட்டர்லயே மாத்தி, அந்த மாதிரி தளங்களத் தடுக்குற கிளவுட்ஃப்ளேரோட 1.1.1.3 போடப் பாத்தேன். வான் (வெளி இணைப்பு) பக்கத்துல டிஎன்எஸ் கட்டம் மங்கலா கிடக்கு, எழுத விடல்ல. லேன்ல (வீட்டுக்குள்ள உள்ள இணைப்பு), கருவிகளுக்கு முகவரி குடுக்குற டிஹெச்சிபிக்குக் கீழ போட்டா சேவ் ஆகுது; கரண்டு போயிட்டு வந்தா பழையபடி கம்பெனி டிஎன்எஸ். மழைக்காலத்துல இங்க கரண்டு போறதச் சொல்லவா வேணும்! கஸ்டமர் கேர்ல "மாத்த முடியாது மேடம்"னு வைக்குதாங்க. என்ன செய்ய?

தக்கலை_நெட்:
அக்கா, பெட்டிய மட்டும் பூட்டி வச்சிருக்காங்களா, இல்ல டிஎன்எஸ் கேள்வியையே வழிமறிக்காங்களா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

உங்களுக்கு பழைய செட்டிங் திரும்பி வர்றதுக்கு டிஆர்-069 காரணமா இருக்கலாம். கம்பெனி தூரத்துல இருந்தே பெட்டிய அமைக்கிற வழி அது. வழிமறிக்கிறது வேற: சாதாரண டிஎன்எஸ் கேள்வி போற போர்ட் 53-ல எந்த முகவரிக்குக் கேட்டாலும் கம்பெனி சர்வரே பதில் சொல்லும். நீதிமன்ற, அரசு உத்தரவுல தடுக்க வேண்டிய தளங்கள பல கம்பெனிகள் டிஎன்எஸ்லதான் தடுக்குது, அதனால இப்படி செய்யுறதும் உண்டு.

லேப்டாப்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, என்எஸ்லுக்கப் கட்டளையில ஏதாவது தளத்தோட பேரும் கடைசியில 192.0.2.1-ம் அடிங்க. இது புத்தகத்துல உதாரணம் காட்டன்னு ஒதுக்கின முகவரி, அங்க எந்த சர்வரும் கிடையாது. பதில் வந்தா நடுவுல யாரோ பிடிக்காங்கன்னு அர்த்தம். டைம் அவுட்னா லைன் சுத்தம்.

கருங்கல்_அம்மா:
டைம் அவுட்தான் தம்பி. லேப்டாப்ல நேரடியா 1.1.1.3 போட்டேன். ஆனாலும் தடுக்க வேண்டியது திறக்குது!

குழித்துறை_வாசி:
ஐபிவி6 அக்கா, பழைய ஐபிவி4-க்கு அடுத்து வந்த முகவரி முறை. அந்த வழியா ரவுட்டர் தனியா ஒரு டிஎன்எஸ் குடுக்கும். நீங்க ஐபிவி4-ல மட்டும் மாத்தியிருப்பீங்க. ஐபிவி6 கட்டத்துல 2606:4700:4700::1113 போடுங்க, பிரௌசர மூடித் திறங்க. பிரௌசருக்குள்ள "செக்யூர் டிஎன்எஸ்" வேற சர்வருக்குப் போகுதான்னும் பாருங்க.

கருங்கல்_அம்மா:
இப்ப தடுக்குது! ரொம்ப நன்றி தம்பி. போனுக்கு?

தக்கலை_நெட்:
ஆண்ட்ராய்டு 9-ல இருந்து "பிரைவேட் டிஎன்எஸ்" இருக்கு. அதுல ஃபேமிலி.கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ்.காம்னு ஆங்கில எழுத்துல போடுங்க. மொபைல் டேட்டாவுலயும் வேலை செய்யும். போர்ட் 853-ல மறையாக்கம் ஆகிப் போறதால வழிமறிச்சு வேற பதில் குடுக்க முடியாது. அந்த போர்ட்ட அடைச்சா இணைப்பே வராது, அப்ப உடனே தெரிஞ்சிரும்.

ஆனா அந்த செட்டிங்க பையனே மாத்திரலாம். மொத்த வீட்டுக்கும்னா சொந்தமா ஒரு ரவுட்டர் வாங்கி, கம்பெனி பெட்டியோட லேன் போர்ட்ல இருந்து அதோட வான் போர்ட்டுக்கு வயர் குடுங்க. 1.1.1.3 அதுல போட்டா கரண்டு போனாலும் அழியாது. பழைய பெட்டியோட வைஃபைய அணைச்சிருங்க, இல்லன்னா அதுல போய் ஒட்டிக்கிடுவான். காசு குடுத்து எடுத்த லைன்ல எந்த டிஎன்எஸ்கிட்ட கேக்கணும்னு முடிவு பண்ண நமக்கு உரிமை வேணும் அக்கா. பிரிட்ஜ் மோடு (கம்பெனி பெட்டி ரவுட்டர் வேலைய விட்டு லைன உங்க ரவுட்டருக்கு அப்படியே குடுக்குறது) கேட்டு எழுத்துலயே புகார் குடுங்க, பதிவு கையில இருக்கும்.

குழித்துறை_வாசி:
ரவுட்டர் வாங்கும்போது ஐபிவி6-க்கும் தனியா டிஎன்எஸ் போட முடியுமான்னு கடையிலயே கேட்டு வாங்குங்க.