குழு: நம்ம வீட்டு பேஸ்பால் – 2016 கப்ஸ்

கார்த்திக் (மாலை 6:10): முரளி சித்தப்பா, 2016 உலகத் தொடர் (சிகாகோ கப்ஸும் கிளீவ்லாண்டும் மோதின பேஸ்பால் இறுதித் தொடர், முதல்ல நாலு ஆட்டம் ஜெயிச்சா பட்டம்) ஏழாவது ஆட்டம் முழுசா பார்த்து முடிச்சேன். மொத்தம் 9 இன்னிங்ஸ்ல 8வதுல, மூணுக்கு ரெண்டு அவுட் ஆயாச்சு, கப்ஸ் 6-3 முன்னிலை, கடைசியில வந்து வீசுற கப்ஸ் பிட்சர் சாப்மேன் கையில பந்து. அதுக்கப்புறம் எப்படி 6-6 ஆச்சு?

முரளி: அந்த இன்னிங்ஸை மட்டும் பார்த்தா விடை கிடைக்காதுப்பா. சாப்மேன் வீசின பந்தை வரிசையா எழுதிப் பாரு. அக்டோபர் 30, ஐந்தாவது ஆட்டம்: 42. நவம்பர் 1, ஆறாவது: 20. நவம்பர் 2, ஏழாவது: 35. நாலு நாள்ல 97 பந்து. வழக்கமா கடைசி ஒரு இன்னிங்ஸ் மட்டும் வீசிட்டுப் போற கை அது.

முரளி: மணிக்கு 100 மைலைத் தாண்டுற பந்து அன்னிக்கு 97ஐ ஒட்டி வந்துச்சு. முதல்ல கிளீவ்லாண்டோட கையர் டபுள் (ரெண்டாவது பேஸ் வரை ஓடுற அடி) அடிச்சு 6-4. அடுத்து ரஜாய் டேவிஸ் மட்டையை மேலே தள்ளிப் பிடிச்சுக்கிட்டு நின்னார், கவனிச்சியா? அப்படிப் பிடிச்சா சுத்துற தூரம் குறையும், வேகப் பந்துக்கு நேரத்துக்கு மட்டை வந்துரும். இடது பக்கம் 19 அடிச் சுவர், அதைத் தாண்டிப் போச்சு, ஹோம் ரன். கையரும் உள்ளே, 6-6.

தேன்மொழி: ஐந்தாவது ஆட்டத்துல 42 வீச வச்சதுல தப்பு சொல்ல முடியாது சித்தப்பா. தொடர்ல 3-1ன்னு பின்தங்கி நின்னாங்க, தோத்தா தொடரே முடிஞ்சுது. அந்த ஆட்டத்துல 3-2 முன்னிலையைக் காப்பாத்தி 8 அவுட் எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கோபம் ஆறாவது ஆட்டத்து மேலதான்.

முரளி: அதேதான் தேனு. 7-2 முன்னிலை. 7வதுல ரெண்டு பேர் பேஸ்ல நிக்க, கிளீவ்லாண்டோட லிண்டோர் மட்டைக்கு வந்தார்னு கப்ஸ் மேனேஜர் மேடன் சாப்மேனைக் கூப்பிட்டார். அந்த ஒரு அவுட் வரைக்கும் நியாயம் இருக்கு. 8வதும் வீசினார். 9வதுல கப்ஸோட ரிஸோ ஹோம் ரன் அடிச்சு 9-2 ஆன பிறகும் சாப்மேனையே திரும்ப இறக்கினதுதான் என்னால ஏத்துக்கவே முடியல. ஒரே பேட்ஸ்மேன், அவருக்கும் வாக் (நாலு தப்புப் பந்து, முதல் பேஸ் இலவசம்) கொடுத்துட்டு வெளியே வந்தார்.

வசந்தா: டேய் முரளி, கப்ஸ் கை மட்டும்தான் ஓய்ஞ்சுதா? கிளீவ்லாண்ட் பக்கமும் சொல்லு. அவங்க பிட்சர்கள்ல கராஸ்கோவுக்குக் கை எலும்பு முறிவு, சலசாருக்கு முன்கைக் காயம். அதனால க்ளூபர் 1, 4, 7ன்னு மூணு ஆட்டம் தொடங்க வேண்டியதாச்சு. முதல் ஆட்டத்துல முதல் 3 இன்னிங்ஸ்லயே 8 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்) எடுத்த மனுஷன், ஏழாவதுல ஒண்ணுகூட எடுக்கல. கப்ஸோட முதல் பேட்ஸ்மேன் ஃபௌலரே ஹோம் ரன். 5வது இன்னிங்ஸ் தொடக்கத்துல பாயஸ் இன்னொண்ணு.

முரளி: உண்மைக்கா. மூணு நாள் ஓய்வுல வீசினா வளையுற பந்து சரியா விழாது, நடுவுல தங்கிரும். அதைத்தான் கப்ஸ் அடிச்சாங்க.

கார்த்திக்: அப்ப கப்ஸுக்கு மட்டும் எப்படி ஆள் மிச்சம் இருந்துச்சு?

தேன்மொழி: அது சீசன் முழுக்கச் சேர்த்து வச்சது கார்த்தி. ஹெண்ட்ரிக்ஸ், லெஸ்டர், அரியெட்டா, லாக்கி, ஹேமல், இந்த அஞ்சு பிட்சரும் ஆளுக்கு 29 ஆட்டத்துக்குக் குறையாம தொடங்கினாங்க. யாரும் நீண்ட நாள் காயத்துல உட்காரல. ஹெண்ட்ரிக்ஸ் 9 இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 2.13, அமெரிக்க, தேசியன்னு ரெண்டு லீக்லயும் அதுதான் முதலிடம். 103 வெற்றி, 58 தோல்வி, மழையில நின்ன ஒரு சமன். 1908க்குப் பிறகு வந்த பட்டம் இப்படித்தான் கட்டப்பட்டது.

வசந்தா: அந்த ஹெண்ட்ரிக்ஸையே ஏழாவதுல 63 பந்தோட எடுத்துட்டாங்களே. நல்லாத்தானே வீசிட்டு இருந்தான்.

முரளி: ஆமாக்கா. லெஸ்டருக்கு முதல் பேஸ் பக்கம் பந்து எறிஞ்சு அங்க நிக்கிறவனைத் தடுக்க வராது, ஊருக்கே தெரிஞ்ச குறை. அதனால அவரை இன்னிங்ஸ் தொடக்கத்துல, பேஸ் காலியா இருக்கும்போதுதான் இறக்கணும். 5வதுல ரெண்டு அவுட், கிளீவ்லாண்டோட சந்தானா முதல் பேஸ்ல. அப்பவே லெஸ்டரை இறக்கிட்டாங்க. கூட வந்த கேட்சர் ராஸ் தப்பா எறிஞ்சார், அடுத்து லெஸ்டர் பந்து தரையில பட்டு ராஸ் முகக்கவசத்துல மோதி ஓடிருச்சு. ஒரே பந்துல ரெண்டு ரன்.

வசந்தா: அந்த ராஸ்தான் அடுத்த இன்னிங்ஸ்லயே கிளீவ்லாண்ட் பிட்சர் மில்லர் பந்துல ஹோம் ரன் அடிச்சது. 39 வயசு!

கார்த்திக்: 9வதுல பாயஸ் பந்தை லேசாத் தட்டினாரே, அது வெளியே போனதுக்கு ஏன் அவுட்?

தேன்மொழி: சாதாரணமா அடிச்சு ஃபவுல் (கோட்டுக்கு வெளியே) போனா மூணாவது ஸ்ட்ரைக் ஆகாது. ஆனா ரெண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு பண்ட்னு லேசாத் தட்டி ஃபவுல் போனா அவுட். மூணாவது பேஸ்ல ஹேவர்ட் நிக்கிறார், ஒரே அவுட். உயரமா, ஆழமா ஒரு பந்து அடிச்சிருந்தாலே, அதைப் பிடிச்ச பிறகும் அவர் ஓடி வந்திருப்பார்.

முரளி: 10வது இன்னிங்ஸைத் திரும்பப் போட்டுப் பாரு கார்த்தி, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். 17 நிமிஷ மழை இடைவேளை முடிஞ்சதும் கப்ஸோட ஷ்வார்பர் ஒரு அடி, முதல் பேஸ் வந்துட்டார். அவருக்குப் பதிலா ஓட அல்மோரா. பிரயன்ட் நடு மைதானத்துல ஆழமா அடிக்கிறார். முதல் பேஸ்ல நிக்கிறவன் பாதி வழி போய் நின்னு பார்க்கிறதுதான் வழக்கம். பந்து சுவர்ப் பக்கம் போகுது, பிடிச்சுருவாங்கன்னு கணிச்சு அல்மோரா பேஸ்லயே காலை வச்சு நின்னார். பிடிச்ச பந்துக்கு பேஸ்ல கால் வச்ச பிறகுதான் ஓடலாம், அதனால பந்து கையில விழுந்ததும் ரெண்டாவதுக்கு ஓட்டம்.

முரளி: அந்த ஓட்டத்தால முதல் பேஸ் காலி. உடனே ரிஸோவுக்கு வேணும்னே வாக். ஸோப்ரிஸ்ட் இடது கோட்டோரமா டபுள், அல்மோரா உள்ளே, 7-6. ரஸ்ஸலுக்கும் வேணும்னே வாக், மான்டேரோ அடி, ரிஸோ உள்ளே, 8-6. கீழ்ப்பாதியில கிளீவ்லாண்ட் ஒரு ரன் எடுத்துச்சு. வேணும்னே வாக் கொடுத்து விட்ட ரிஸோவோட ரன்தான் கடைசியில வித்தியாசம்.

வசந்தா: ஷ்வார்பரை விட்டுடாதடா. ஏப்ரல் 7 முழங்கால் தசைநார் கிழிஞ்சு சீசனே போச்சு. ஃபீல்டிங் செய்ய மருத்துவர் அனுமதி இல்ல. அப்ப தேசிய லீக் மைதானத்துல பிட்சருக்குப் பதில் மட்டை பிடிக்கிற ஆள் கிடையாது. அதனால அமெரிக்க லீக் மைதானமான கிளீவ்லாண்ட்ல நடந்த 1, 2, 6, 7 நாலு ஆட்டம் மட்டும் முழுசா இறங்கினான். 17க்கு 7 அடி!

தேன்மொழி: ஆமா அத்தை. ஏழாவது ஆட்டம் கிளீவ்லாண்ட்ல நடந்ததே, ரெண்டு லீக் நட்சத்திரங்களும் மோதுற ஆல் ஸ்டார் ஆட்டத்தை அவங்களோட அமெரிக்க லீக் ஜெயிச்சதால. கிளீவ்லாண்டுக்குக் கிடைச்ச அந்தச் சலுகை, ஷ்வார்பரை இறக்க முடிஞ்சதால, கடைசியில கப்ஸுக்கு உதவிருச்சு.

கார்த்திக்: ஸ்கோர் அட்டையில சாப்மேன் 1.1ன்னு போட்டிருக்கு, வெற்றியும் அவர் பேர்ல!

முரளி: 1.1ன்னா ஒரு இன்னிங்ஸ், கூட ஒரு அவுட். தசமம்னு நினைச்சுடாதே. 10வதுல அணி முன்னிலைக்கு வந்தப்ப கடைசியா வீசியிருந்தவர் அவர்தான், அதனால வெற்றி அவர் கணக்கு. 6-6க்குப் பிறகு 9வதுல மூணு பேரையும் வரிசையா அவுட் ஆக்கினாரே, அந்தக் கையோட, அதுக்கு அவரைக் கும்பிடணும்.

கார்த்திக்: அடுத்து எதைப் பார்க்கட்டும்?

முரளி: அதே வருஷம், முந்தைய சுற்றுல சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸோட கப்ஸ் மோதின தொடர்ல, அவங்க ஊர்ல நடந்த நாலாவது ஆட்டம். ஜயண்ட்ஸ் பிட்சர் மேட் மூர் 8 இன்னிங்ஸ், 120 பந்து, 5-2 முன்னிலையோட இறங்கிப் போனார். 9வதுல ஜயண்ட்ஸ் எத்தனை பிட்சரை மாத்தினாங்கன்னு நீயே எண்ணிச் சொல்லு. கப்ஸ் 4 ரன் எடுத்தது அதுலதான்.