'பார்ன்ஸ்டார்': தமிழ்ச் சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

விக்கிப்பீடியர் ஒருவர் மற்றொருவரின் உழைப்பைப் பாராட்டி, அவருடைய பேச்சுப் பக்கத்தில் இடும் 'பார்ன்ஸ்டார்' என்னும் குறிக்குக் 'கொட்டில் விண்மீன்', 'களஞ்சிய நட்சத்திரம்' என்னும் முன்மொழிவுகள் வந்துள்ளன. இரண்டும் சொல்லைப் பெயர்க்கின்றனவே தவிரப் பொருளைக் கொண்டுவரவில்லை. கொட்டில் என்றதும் மாடும் வைக்கோலும் நினைவுக்கு வருமேயன்றிப் பாராட்டு வராது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா முதலிய பகுதிகளில் குடியேறிய ஜெர்மானிய வழி உழவர்களிடையே, ஒரு குடும்பத்துக்குத் தானியமும் கால்நடையும் காக்கப் பெருங்கொட்டகை வேண்டுமென்றால், ஊரார் கூலி வாங்காமல் ஒன்றுகூடி மரச்சட்டங்களை நிமிர்த்திக் கட்டித் தரும் வழக்கம் உண்டு. ஆமிஷ் மக்களிடம் அது இன்றும் தொடர்கிறது. அத்தகைய கொட்டகைகளின் முகப்பில் அழகுக்காக மாட்டும் ஐம்முனை விண்மீனே பார்ன்ஸ்டார். பலர் கூடி எழுதும் தளங்களைப் பற்றியே விவாதித்துவந்த மீட்பால்விக்கியில் இந்தப் படிமம் எழுந்து, 2003-இல் விக்கிப்பீடியாவுக்கு வந்தது. ஆகவே இங்கே விண்மீன் முதன்மையன்று. கூடிக் கட்டியதும், கட்டியபின் முகப்பை அழகு செய்வதுமே முதன்மை.

அப்படியானால் 'விக்கி'யையும் தமிழாக்கலாமே என்றொரு கேள்வி வந்தது. அதன் நிலை வேறு. பலர் கூடி எழுதும் முதல் விக்கித் தளத்தை 1995-இல் தொடங்கிய வார்டு கன்னிங்காம், ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்தை நினைத்து அப்பெயரைச் சூட்டினார். ஹவாய் மொழியில் அது விரைவைக் குறிக்கும். ஆங்கிலத்தாரே மொழிபெயர்க்காமல் எடுத்துக்கொண்ட பெயரை நாமும் அவ்வாறே வைத்துக்கொள்ளலாம். படிமத்தின்மேல் நிற்கும் சொல்லுக்கோ நமக்கு அருமையான முன்னோடி இருக்கிறது. 'வில்லேஜ் பம்ப்' என்னும் பொது உரையாடல் பக்கத்தைத் தமிழ் விக்கிப்பீடியா 'ஆலமரத்தடி' ஆக்கியது. 'குழாயடி' என்று பெயர்த்திருந்தால் குழாயடிச் சண்டைதான் முன்னே வந்து நின்றிருக்கும். அந்தத் தேர்வைச் செய்தவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

'பதக்கம்' எளிய சொல், புழக்கத்திலும் இருக்கிறது. ஆனால் பதக்கத்துக்குப் போட்டியும் தோற்றவரும் வேண்டும். இங்கே இரண்டும் இல்லை.

எங்கள் பக்கத்தில் புதுவீட்டுக்கு நிலை வைக்கும் நாளில், தச்சர் உளியைக் கீழே வைத்ததும், நிலையின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, தச்சருக்கும் கொத்தனாருக்கும் வெற்றிலை பாக்குடன் வேட்டி துண்டு கொடுப்பார்கள். கட்டுமானம், முகப்பின் அழகு, உழைத்தவருக்குச் செய்யும் மரியாதை ஆகிய மூன்றும் அந்த ஒரு பொழுதில் ஒன்றுசேர்கின்றன. முதலில் 'நிலைப்பூ' என்று எண்ணினேன்; 'நிலைப்பு' என்று படிக்க இடமிருப்பதால் கைவிட்டேன். 'தோரணம்' என்பதையே முன்மொழிகிறேன்.

திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கட்டும் தோரணத்தோடு இது குழம்பாதா என்று கேட்கலாம். பேச்சுப் பக்கத்தில் வரும்போது இடமே பொருளைத் தெளிவாக்கிவிடும். மேலும், இச்சொல் தனக்குரிய வினையையும் உடன் கொண்டுவருகிறது: 'பறவைகள் கட்டுரைக்குப் படம் சேர்த்தவருக்குத் தோரணம் கட்டினேன்' என்று தடையின்றி எழுதலாம். 'படத் தோரணம்', 'பிழைதிருத்தத் தோரணம்' என வகைப்பெயர்களும் எளிதில் அமைகின்றன.