ரிமோட் டெஸ்க்டாப் 3389 வெளியே திறந்திருக்கு: போர்ட் நம்பரை மாத்தினா போதுமா?

திருப்பூர்_சர்வர்:
வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில சிஸ்டம், நெட்வொர்க் ரெண்டையும் பார்த்துக்கறேன். விண்டோஸ் சர்வர் 2019 ஒண்ணு இருக்கு. டேலி, டிசைன் ஃபைல், ஸ்கேன் பண்ணின பில் எல்லாம் அதுலதான். ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தும், வீட்ல இருந்து பில் போடறவங்களும் ரிமோட் டெஸ்க்டாப்ல வர்றாங்க. எனக்கு முன்னாடி இருந்தவங்க ரவுட்டர்ல அதோட போர்ட் 3389-ஐ நேரா சர்வருக்கு ஃபார்வர்ட் பண்ணி வெச்சிருக்காங்க. ஸ்டாடிக் ஐபி.

போன வாரம் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்த்தா செக்யூரிட்டி லாக் முழுக்க 4625 (தோத்துப்போன லாகின்). அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், டேலினு பேர் மாத்தி மாத்தி விடாம வருது. லாக் சைஸ் 20 எம்பிதான், அதனால ரெண்டு நாளுக்கு முந்தினது எதுவும் இல்ல. போர்ட்டை 3390-னு மாத்திட்டா சரியாயிடும்னு சப்போர்ட்காரர் சொல்றார். 20-ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட்டாகணும், ஆடிட்டர் வேலை நிக்கக்கூடாது. பேக்கப் தினமும் ராத்திரி நாஸுக்கு (நெட்வொர்க்ல இருக்கற ஸ்டோரேஜ் பெட்டி) போகுது, சர்வர்ல இசட் டிரைவா மேப் பண்ணியிருக்கு. என்ன பண்ணலாம்ங்க?

கோவை_லேன்:
போர்ட்டை மாத்துங்க, பாஸ்வேர்டைப் பெருசாக்குங்க, அஞ்சு தடவை தப்பாப் போட்டா அக்கவுன்ட் பூட்டிக்கற மாதிரி (லாக்கவுட்) வைங்க. நாங்க அப்படித்தான் ஓட்டறோம், இதுவரைக்கும் பிரச்சினை இல்ல.

ராத்திரி_ஷிஃப்ட்:
தம்பி, போர்ட் பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம். 4625 எல்லாம் கதவைத் தட்டிட்டுத் திரும்பிப் போனவங்க. உள்ளே வந்தவங்க யாராவது இருக்காங்களானுதான் முதல்ல தெரியணும். அது தெரியாம கதவைப் பூட்டினா, உள்ளே இருக்கறவனையும் சேர்த்துப் பூட்டினதா ஆயிடும்.

செக்யூரிட்டி லாக் அழிஞ்சு போச்சுன்னு விட்டுடாதீங்க. ஈவன்ட் வியூவர்ல அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ்னு இறங்கினா டெர்மினல்சர்வீசஸ்-லோக்கல்செஷன்மேனேஜர்னு தனி லாக் ஒண்ணு இருக்கும். அதுல ஆபரேஷனல். 21-னா புது லாகின், 25-னா விட்ட செஷனுக்குத் திரும்பி வந்தது. எந்த ஐபியில இருந்து வந்தாங்கன்னும் அதுலயே இருக்கும். தோத்துப்போன முயற்சிகள் இதுல பதியாததால சீக்கிரம் நிரம்பாது, பல மாசத்துக்குப் பின்னாடி போகலாம். ஆடிட்டர் ஆபீஸ் ஐபி, உங்க ஆளுங்க வீட்டு ஐபி தவிர வேற ஏதாவது இருக்கானு ஒவ்வொண்ணாப் பாருங்க. கூடவே செக்யூரிட்டி லாக்ல 4720 (புது யூசர்), 4732 (குரூப்ல சேர்த்தது), 1102 (லாக்கையே அழிச்சது), சிஸ்டம் லாக்ல 7045 (புது சர்வீஸ்).

தெரியாத ஐபி ஒண்ணு இருந்தாக்கூட நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்க. சர்வரை ஆஃப் பண்ண வேண்டாம், மெமரியில இருக்கற தடயம் போயிடும். ஃபார்மட் பண்ணவே பண்ணாதீங்க. மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல போட்ட உத்தரவுப்படி, இந்த மாதிரி சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும். லாக்கை 180 நாள் வெச்சிருக்கணும்னும் அதே உத்தரவுல இருக்கு. 20 எம்பியில அது நடக்காது, இன்னைக்கே சைஸை ஏத்துங்க, காப்பி ஒண்ணு வேற மெஷினுக்குப் போகட்டும்.

இப்போ போர்ட். 3390 இல்ல, 45000-னு வெச்சாலும் கண்டுபிடிச்சிடுவாங்க. ஸ்கேன் பண்றவன் நம்பரை நம்பறதில்ல, என்ன பதில் வருதுன்னு பார்த்து இது ஆர்டிபின்னு (ரிமோட் டெஸ்க்டாப்) அடையாளம் வெச்சுக்கறான். பாஸ்வேர்டு பெருசா இருந்தாலும் மொத்தமாத் தப்பிக்க முடியாது. 2019 மே மாசம் வந்த புளூகீப்ங்கற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவையில்ல. எக்ஸ்பிக்கும் சர்வர் 2003-க்கும்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டாங்க, அவ்வளவு பெரிய ஓட்டை. உங்க சர்வர் 2019 அதுல தப்பிச்சது. ஆனா அதே வருஷம் ஆகஸ்ட்ல வந்த சிவிஇ-2019-1181, 1182-ங்கற ரெண்டு ஓட்டையும் சர்வர் 2019-லயும் இருந்தது. அடுத்தது எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது.

கோவை_லேன் சொன்ன லாக்கவுட் வேணும், நானும் வைப்பேன். ஆனா போர்ட் திறந்திருக்கும்போது அதை மட்டும் வெச்சா, வெளியே இருக்கறவன் ஆடிட்டர் பேரைப் போட்டே அவரை நாள் முழுக்க வெளியே நிறுத்திடுவான். இன்னொண்ணு, பில்ட்-இன் அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்ட்டை இப்படிப் பூட்டற வசதியே 2022 அக்டோபர் அப்டேட்டுக்கு அப்புறம்தான் வந்தது.

அதனால ஃபார்வர்டை எடுத்துடுங்க. பழைய பிசி ஒண்ணுல டெபியன் லினக்ஸ் போட்டு வயர்கார்டு விபிஎன் (வெளியே இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற பாதுகாப்பான வழி) வைங்க. ரவுட்டர்ல யுடிபி 51820 மட்டும் அந்த பிசிக்குப் போகட்டும். சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே தராது, ஸ்கேன் பண்றவனுக்கு அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். ஆளுக்கு ஒரு சாவி, ஒரே சாவியைப் பங்கு போடக்கூடாது. ஆடிட்டர் சாவிக்குச் சர்வரோட 3389 மட்டும் திறங்க, ஃபைல் ஷேர் 445 வேண்டாம். சர்வர் ஃபயர்வால்லயும் ஆர்டிபி ரூலை விபிஎன் சப்நெட்டுக்கும் உங்க அட்மின் பிசிக்கும் மட்டும்னு சுருக்குங்க. ஆள் வேலையை விட்டுப் போனா அன்னைக்கே சாவியை நீக்கணும். 2021 மே மாசம் அமெரிக்காவுல கொலோனியல் பைப்லைன் நின்னுபோச்சே, அங்க உள்ளே நுழைஞ்சது யாரும் பயன்படுத்தாம கிடந்த ஒரு பழைய விபிஎன் அக்கவுன்ட் வழியாத்தான். ரெண்டாவது சரிபார்ப்பும் அதுல இல்ல. 75 பிட்காயின் கட்டினாங்க.

உங்க பதிவுல என்னை ரொம்பப் பயமுறுத்தினது அந்த இசட் டிரைவ். ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கற ரான்சம்வேர் வந்தா மேப் பண்ணின டிரைவும் சேர்ந்துதான் போகும். விண்டோஸ் எடுத்து வெச்ச ஷேடோ காப்பியை விஎஸ்எஸ்அட்மின் கமாண்டை ஓட்டி முதல்லயே அழிச்சிடுவாங்க. சர்வர் நாஸுக்கு எழுதக்கூடாது. நாஸே அதோட சொந்த அக்கவுன்ட்ல வந்து சர்வர்ல இருந்து இழுத்துக்கணும், அந்த பாஸ்வேர்டு சர்வர்ல எங்கயும் இருக்கக்கூடாது. கூடவே ரெண்டு யூஎஸ்பி டிஸ்க், மாத்தி மாத்தி, ஒண்ணு எப்பவும் கழட்டி பீரோவுல. மாசம் ஒரு தடவை டேலி டேட்டாவை வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, கம்பெனியைத் திறந்து, கடைசி வவுச்சர் வரைக்கும் பாருங்க. இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க தம்பி.

கோவை_லேன்:
லாக்கவுட்ல ஆடிட்டரே மாட்டுவார்ங்கறதை நான் யோசிக்கல. நாங்களும் ஃபார்வர்டை எடுக்கறோம்.

திருப்பூர்_சர்வர்:
ரொம்ப நன்றிங்கண்ணா. 21, 25 எல்லாம் பார்த்துட்டேன், எங்க ஆளுங்க ஐபியும் ஆடிட்டர் ஐபியும்தான். 4720, 7045 எதுவும் சந்தேகப்படற மாதிரி இல்ல. ஃபார்வர்ட் எடுத்தாச்சு, வயர்கார்டு ஓடுது, ஆடிட்டர் உள்ளே வந்து வேலை பார்க்கறார். நாஸ் இழுக்கற மாதிரி மாத்திட்டிருக்கேன்.

ரெண்டு சந்தேகம். மொபைல் ஹாட்ஸ்பாட்ல வர்றவங்களுக்குக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா இணைப்பு விட்டுப்போகுது. அப்புறம் 4625 சுத்தமா நின்னுடும்னு நினைச்சேன், இன்னும் அப்பப்போ வருது, 192.168.1.40-ல இருந்து.

ராத்திரி_ஷிஃப்ட்:
முதலாவதுக்கு, அவங்க பக்கம் வயர்கார்டு கான்ஃபிக்ல பியர் பகுதியில பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் 25-னு போடுங்க. ரெண்டாவது உங்க ஆபீஸுக்குள்ள இருந்தே வருது. அந்த மெஷின் எதுன்னு இப்பவே போய்ப் பாருங்க, என்ன யூசர் பேர்ல முயற்சி பண்ணுதுன்னும் எழுதுங்க.

திருப்பூர்_சர்வர்:
ஸ்கேனர் வெச்சிருக்கற பிசிண்ணா. பாஸ்வேர்டு எல்லாம் மாத்தினப்போ அதுல சேவ் ஆகியிருந்த அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு பழசாவே இருக்கு, அதை வெச்சு ஷேருக்குப் போகப் பார்க்குது.

ராத்திரி_ஷிஃப்ட்:
புது பாஸ்வேர்டை அதுல போட்டுடாதீங்க. கிரெடென்ஷியல் மேனேஜர்ல அந்தப் பதிவை நீக்குங்க. ஸ்கேனுக்குனு தனியா ஒரு சாதா யூசர் உருவாக்கி, ஸ்கேன் ஃபோல்டர்ல மட்டும் எழுத அனுமதி கொடுங்க. அந்த யூசருக்கு ஆர்டிபி கூடாது. மத்த பிசிகள்லயும் அட்மினிஸ்ட்ரேட்டர் சேவ் ஆகியிருக்கானு ஒரு சுத்து பார்த்துட்டு எழுதுங்க.