மறு: பொசெஷனுக்குத் தமிழ் – ‘நடை’ என்று வைத்தால் என்ன?

எல்லோருக்கும் வணக்கம்.

கூடைப்பந்தில் ‘பொசெஷன்’ (பந்து ஓர் அணியின் கையில் இருப்பது) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ‘உடைமை’ என்றே முடித்துவிடுவீர்கள் போலத் தெரிந்ததும் கை சும்மா இருக்கவில்லை. பேருந்தில் ‘உடைமைகளைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருப்பார்களே, அந்த உடைமையை ஆட்டத்தில் எப்படி எண்ணுவது? ‘ஓர் ஆட்டத்தில் எழுபது உடைமை’ என்றால் எனக்கு ஜப்தி நோட்டீஸ் மாதிரிக் கேட்கிறது. இழையில் ஐயா ஒருவர் சொன்ன ‘பந்துவசம்’ அதைவிட மேல். கால்பந்தில் ஓர் அணி 60 சதவீத நேரம் பந்தை வைத்திருந்தது என்று சொல்ல அதுவே சரியான சொல். ஆனால் கூடைப்பந்துக் கணக்கில் பொசெஷன் என்பது எத்தனை நேரம் என்பதல்ல, எத்தனை தடவை என்பது. பந்து நம் கைக்கு வந்ததிலிருந்து எதிரணி கைக்குப் போகும்வரை ஒன்று. அப்புறம் அவர்களுக்கு ஒன்று. இப்படி மாறி மாறி வருவதால் ஆட்டம் முடியும்போது இரண்டு அணிக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைதான் இருக்கும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் மற்ற எல்லாக் கணக்கும்.

தடவை எண்ணுவதற்கு நம்மிடம் நல்ல சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: நடை. ‘நாலு நடை தண்ணீர் தூக்கினேன்’, ‘மூணு நடை மணல் வந்தது’ என்கிறோமே, அந்த நடை.

எங்கள் வீடு கட்டும்போது மணல் நடைகளைக் கணக்கு வைத்தது பாட்டிதான். வாசல் தூணில் கரித்துண்டால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு கோடு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடுவார். ஒரு நாள் லாரி சந்து முனையில் சேற்றில் சிக்கி, பின்னால் போய், திரும்பவும் முட்டி, மூன்றாம் முயற்சியில்தான் உள்ளே வந்தது. சாயங்காலம் டிரைவர் ஏழு நடை என்றார், பாட்டி ஆறு என்றார். ‘வண்டி திரும்பி மணல் அள்ளப் போச்சா? போகலல்ல? அப்ப அது அதே நடைதான்.’

கூடைப்பந்தில் புதிதாகக் கணக்கு எழுத வருகிறவர்கள் தடுமாறுகிற இடமும் இதுதான். கூடையை நோக்கி எறிகிறோம், விழவில்லை, எகிறி வந்த பந்தை நம் ஆளே பிடித்து மறுபடி எறிகிறார். எறிந்தது இரண்டு தடவை, பொசெஷன் ஒன்றுதான். பாட்டி சொன்ன விதிதான், அதே நடை. அதனால்தான் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களுக்குப் போடுகிற சூத்திரத்தில் எறிகளிலிருந்து தன் அணியே மீட்ட ரீபவுண்டுகளை (விழாமல் எகிறி வந்த பந்துகளை) கழித்துவிட்டு, எறியாமலே பறிகொடுத்த பந்துகளைக் கூட்டி, ஃப்ரீ த்ரோக்களை (எதிரணியின் தவறுக்காக யாரும் தடுக்காமல் எறியக் கிடைப்பவற்றை) 0.475ஆல் பெருக்கிச் சேர்க்கிறார்கள். ஒரு பேச்சுக்கு 58 எறி, 10 தன் ரீபவுண்டு, 12 பறிகொடுப்பு, 20 ஃப்ரீ த்ரோ என்று வையுங்கள்: 58 − 10 + 12 + 9.5, ஆக 69.5 நடை. பெரும்பாலும் இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்துதான் ஒரு நடை, அப்படியானால் அரையால் பெருக்க வேண்டும். அந்த 0.475 ஏன் அரை இல்லை என்றால், கூடை விழுந்த பிறகு கூடுதலாகக் கிடைக்கிற ஒற்றை ஃப்ரீ த்ரோவுக்குத் தனி நடை கிடையாது, அது ஏற்கெனவே எண்ணிய நடைக்குள் அடக்கம்.

சரி, ஒரு நிஜ ஆட்டத்தில் இந்தச் சொல் தாங்குகிறதா என்று எழுதிப் பார்த்தேன். 2018 மார்ச் 16, சார்லட் நகரம், வர்ஜீனியாவுக்கு எதிராக யூஎம்பிசி, அதாவது மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்ட்டி வளாகம். வர்ஜீனியா அந்தப் பருவத்தில் 31 வென்று 2 மட்டும் தோற்று, அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டிக்கு (என்சிஏஏ) ஒட்டுமொத்தத்தில் முதல் தரவரிசையோடு வந்த அணி. அந்தப் போட்டியில் அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரம் கொடுப்பார்கள், யூஎம்பிசி 16ஆம் தரம். ஆடவர் போட்டி 1985இல் 64 அணிகளாக விரிந்ததிலிருந்து, அன்றுவரை 1ஆம் தர அணிகள் 16ஆம் தர அணிகளைச் சந்தித்த 135 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்றிருக்கவில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள் நான் தமிழில் முன்னோட்டம் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

‘வர்ஜீனியா நாட்டிலேயே மிகக் குறைவாகப் புள்ளி கொடுக்கும் அணி. இதில் பாதி சேதிதான் இருக்கிறது. மெதுவாக ஆடுவதால் அவர்கள் ஆட்டத்தில் நடைகளே குறைவு, எதிரணிக்குக் கிடைப்பதும் குறைவு. நடைக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தாலும் அவர்கள் தடுப்பு முன்வரிசையில்தான் நிற்கிறது. பயிற்சியாளர் டோனி பென்னட் தன் அப்பா டிக் பென்னட்டிடமிருந்து எடுத்துக்கொண்ட பேக்லைன் தடுப்பு அது: பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்க, மற்ற நால்வரும் உள்ளே சுருங்கி நின்று கூடைப்பக்கம் வழிவிடாமல் அடைப்பார்கள். ஆகவே யூஎம்பிசிக்கு வாய்ப்பு வெளியே, எறிந்து விழுந்தால் மூன்று புள்ளி கிடைக்கும் கோட்டுக்கு அப்பால். தவிர, நடை குறைவு என்பது இங்கே பலவீனமான அணிக்குத்தான் லாபம். நூறு தடவை தாயம் உருட்டினால் யோகக்காரன் யார் என்பது மறைந்துபோகும், பத்துத் தடவையில் மறையாது. மணிக்கட்டு முறிந்து அவர்களின் ஆட்டக்காரர் டிஆண்ட்ரே ஹன்டர் ஆடாததும் வர்ஜீனியாவுக்கு இடி.’

நடந்தது தெரிந்ததுதான். இடைவேளையில் 21-21. இரண்டாம் பாதியில் யூஎம்பிசி மட்டும் 53 எடுத்து, 74-54 என்று வென்றது. அவர்களின் ஜைரஸ் லைல்ஸ் மட்டும் 28 புள்ளி. அதே அணியின் 5 அடி 8 அங்குலம் உள்ள கே.ஜே. மாவ்ரா பந்தைத் தட்டிக்கொண்டு அந்த நெட்டைத் தடுப்புக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தார். மூன்று புள்ளி எறிகளில் யூஎம்பிசி 24 எறிந்து 12 போட்டது, வர்ஜீனியா 22 எறிந்து 4. அதாவது அங்கிருந்து மட்டும் யூஎம்பிசிக்கு 36 புள்ளி, வர்ஜீனியாவுக்கு 12. ஆட்டத்தின் வித்தியாசமே 20தான். (என் முன்னோட்டம் ஜெயித்தது என்று மார்தட்டவில்லை, நடந்த பிறகு எழுதிய முன்னோட்டத்துக்கு என்ன மரியாதை?)

எழுதும்போது ‘நடை’ எங்கேயும் இடறவில்லை. நடைவேகம், நூறு நடைக்குப் புள்ளி, நடைச்சராசரி எல்லாம் தானாக வந்து விழுந்தன. கூடைப்பந்துப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் வெற்றிக்குச் சொன்ன நான்கு காரணிகளும், அதாவது எறித்திறன், பறிகொடுப்பு, தன் ரீபவுண்டு, ஃப்ரீ த்ரோ ஆகியவையும், அவர் அவற்றுக்குத் தோராயமாக 40, 25, 20, 15 சதவீதம் என்று தந்த எடையும், ‘ஒரு நடை எப்படி முடிந்தது’ என்ற ஒரே கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன.

இழையில் கேட்ட இன்னொரு சொல்லான மேட்ச்அப்புக்கு ‘சோடி’ போதும் என்பேன். சேவற்கட்டில் சோடி போடுவது போல, யாருக்கு எதிராக யாரை நிறுத்துவது. ‘எதிரிணைப்பொருத்தம்’ என்று முன்மொழிந்த நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்தச் சொல்லை வர்ணனையில் சொல்லி முடிப்பதற்குள் எறிவதற்குக் கொடுக்கிற முப்பது வினாடிக் கெடு (ஷாட் கிளாக்) ஓடிவிடும்.

இப்போது நடைக்கு எதிராக நீங்கள் சொல்லக்கூடியது. பந்தைத் தட்டாமல் அடி வைத்தால் டிராவலிங் தவறு, அதை ‘நடை’ என்று யாராவது மொழிபெயர்த்தால் குழம்பும் என்று இழையில் அக்கா ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயம்தான். ஆனால் எங்கள் ஊர் மைதானத்தில் அதை யாரும் நடை என்று சொல்லிக் கேட்டதில்லை, ‘ஸ்டெப்ஸ்’ என்றுதான் கத்துவார்கள். வேண்டுமானால் அதற்குக் ‘காற்பிழை’ என்று வைத்துக்கொள்ளலாம். உரைநடையின் நடையோடு மோதுமே என்பது பெரிய சிக்கலாகப் படவில்லை, எண் முன்னால் நின்றால் போதும்.

என்னாலேயே தீர்க்க முடியாதது ஒன்று உண்டு. டர்னோவருக்கு, அதாவது எறியாமலே பந்தை இழப்பதற்கு, முதலில் ‘வீண்நடை’ என்று எழுதிச் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது, எறிந்து விழாமல் எதிரணி பிடித்துக்கொண்டாலும் நடை வீண்தானே. எறியவே விடாமல் பறிபோவதை மட்டும் அது பிரித்துச் சொல்லவில்லை. அதனால்தான் மேலே ‘பறிகொடுப்பு’ என்று எழுதினேன். ஆனால் யாரும் பறிக்காமல் தானாக வெளியே எறிந்துவிட்டுக் கைபிசைந்து நிற்பவனுக்கு அது பொருந்தவில்லை. ‘பந்திழப்பு’ என்றால் சப்பென்று இருக்கிறது. வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் எழுதும் கூடைப்பந்துக் கட்டுரையை அனுப்ப வேண்டும்.