ஒரிஜினல் கோல்ட் ரிவால்வரா, இத்தாலிய ரெப்ளிகாவா: கையில் எடுத்தபோது தெரிந்தவை

கருமருந்து45

சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் கம்பி இருக்கும் எஜெக்டர் குழாயை, ஒரு கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ரிவால்வரிலிருந்து கழற்றிய அந்த நொடி இன்னும் உறுத்துகிறது. ஏழரை அங்குல பேரல், பழுப்பேறிய இரும்பு, ஒற்றைத் துண்டு வால்நட் பிடி, பிடியில் ஓ.டபிள்யூ.ஏ என்ற முத்திரை. ராணுவ ஆய்வாளர் ஏய்ன்ஸ்வொர்த் சோதித்த குதிரைப்படைத் துப்பாக்கி என்று சொல்லி விற்பனைக்கு வைத்திருந்தார்கள். 1876ல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் ஆட்கள் வைத்திருந்த கோல்ட்களில் அவர் முத்திரை இருந்ததால், அந்த மூன்று எழுத்துக்கே தனி விலை.

குழாய் வந்ததும் பேரலின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தட்டையான பள்ளம். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அரம் ஓடிய கோடுகள். பள்ளத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே பழுப்பு. காலத்தால் வரும் நிறம் அப்படி ஒரே சீராக இருக்காது. கை படும் இடத்தில் தேய்ந்து வெளுக்கும், மறைவிடத்தில் பழைய நிறம் தங்கும். இது இத்தாலிய ரெப்ளிகா. ப்ரூஃப் முத்திரையை (அந்நாட்டுச் சோதனை முத்திரை) அரம் போட்டு எடுத்துவிட்டு அமிலத்தில் பழுப்பாக்கியிருக்கிறார்கள்.

குழாயைக் கழற்ற ஒரே ஒரு ஸ்க்ரூதான். அதைக் கழற்ற விடாதவரிடம் வாங்க வேண்டாம். சீரியல் எண் பிரேம், ட்ரிக்கர் கார்டு, பேக்ஸ்ட்ராப் (பிடியின் முதுகுப் பட்டை) மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆரம்ப காலத்தவற்றில் சிலிண்டரிலும் பேரலிலும்கூட இருக்கும். எண் ஒத்துப்போகவில்லையா, கீழே வைத்துவிடுங்கள்.

ஹார்ட்ஃபோர்ட்

இவ்வளவு கழற்றவே தேவையில்லை. சிலிண்டர் சுழலும் அச்சான பேஸ் பின்னைப் பிடிக்கும் ஸ்க்ரூ பிரேமின் முன்பக்கத்திலிருந்து சாய்வாக ஏறினால் அது 1896க்கு முந்தைய கருமருந்து பிரேம். பக்கவாட்டில் ஸ்பிரிங் வைத்த தாழ்ப்பாள் இருந்தால் பிந்தையது. எஜெக்டர் கம்பியின் தலை முழு வட்டமாக நடுவில் துளையோடு இருந்தால் இன்னும் பழையது. பத்து விநாடியில் பார்த்துவிடலாம்.

அரைக்காக்

ஹார்ட்ஃபோர்ட் சார், அந்தப் பத்து விநாடிதான் ஆளைக் கவிழ்க்கும். முன்பக்க ஸ்க்ரூவும் வட்டத்தலை எஜெக்டரும் வைத்தே இத்தாலிக்காரர்கள் பழைய மாடல் ரெப்ளிகா செய்து விற்கிறார்கள். அவை வயதைச் சொல்லும் அடையாளம் இல்லை, வடிவம் மட்டுமே. ஸ்க்ரூவின் மரையைப் பாருங்கள். இத்தாலிய ரெப்ளிகா நிறுவனமான உபெர்ட்டியில் மெட்ரிக் மரை, கோல்ட்டின் ஸ்க்ரூ அதில் ஏறாது.

கருமருந்து45 சொன்ன எண் விஷயத்திலும் ஒரு திருத்தம். ராணுவ ஆர்ட்டிலரி மாடல்களில் எண்கள் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் இயல்பு. 1895 முதல் பழைய குதிரைப்படைத் துப்பாக்கிகளைக் குவியலாகப் பிரித்து, பேரலை ஐந்தரை அங்குலமாகக் குறைத்து, கைக்கு வந்த பாகங்களைப் பூட்டி அனுப்பினார்கள். அப்படி ஒன்றில் எல்லா எண்ணும் ஒத்துப்போனால் அதைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். நல்ல ஆர்ட்டிலரி ஒன்றை இந்த ஒரே காரணத்துக்காக மேசையிலேயே விட்டுவிட்டுப் போனவரைப் பார்த்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சிவில் மாடலில் பேரல் வெட்டப்பட்டதா என்று தெரிய, மேலே பொறித்த கோல்ட் நிறுவனத்தின் ஹார்ட்ஃபோர்ட் முகவரியைப் பாருங்கள். பிரேமுக்கும் பேரலின் வாய்க்கும் ஏறக்குறைய நடுவில் இருக்க வேண்டும். வாயை ஒட்டி நின்றால் யாரோ ரம்பம் வைத்திருக்கிறார்கள். மறுபாலிஷ் போட்டதில் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், ஸ்க்ரூ துளையின் ஓரம் கிண்ணம்போல் குழிந்திருக்கும். கடைசியாக, கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் கடிதம். எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பியது, என்ன காலிபர், என்ன பூச்சு என்று அதில் வரும். கடிதம் நிக்கல் என்று சொல்லி, கையில் இருப்பது நீலமாக இருந்தால் கதை முடிந்தது. காகிதத்தின் பலம் தெரிய வேண்டுமா? கொள்ளைக்காரன் பில்லி த கிட்டைச் சுட்ட ஷெரிஃப் பேட் காரெட்டின் கோல்ட் 2021ல் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. இரும்புக்காக யாரும் அவ்வளவு கொடுக்கவில்லை.

ஐந்துதோட்டா

விலை பேச்சு போதும். அசல் துப்பாக்கியில் நவீன தோட்டா போட்டு, சிலிண்டர் வீங்கிப் போனதைப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். வெளியே விரிசல் இல்லை, ஆனால் ஒரு அறைக்கு மேலே இருக்கும் போல்ட் பள்ளத்தின் (சிலிண்டரைப் பூட்டும் கொக்கி விழும் குழி) அடி வெளியே புடைத்து நின்றது. .45 கோல்ட் சிலிண்டரில் ஆக மெல்லிய இடம் அதுதான். அன்றைய இரும்பு மென்மையானது. 40 கிரெய்ன் கருமருந்தும் 255 கிரெய்ன் ஈயக்குண்டும்தான் அதன் கணக்கு. புகையில்லா மருந்துக்கு கோல்ட் உத்தரவாதம் தந்தது 1900லிருந்துதான்.

பேரல் அளவும் வேறு. பழையவற்றில் உள்விட்டம் .454 அங்குலம், 1956க்குப் பிறகு வந்தவற்றில் .451, .452. கெட்டியான .452 குண்டு பழைய பேரலில் சரியாக அடைக்காது, ஓரமாகக் கசியும் வாயு ஈயத்தை உருக்கிப் பூசிவிடும். மென்மையான ஈய உருண்டையில் எண்ணெய் தடவி, மரக்குச்சியால் தட்டி இறக்கி மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள். சுட ஆசை என்றால் ரெப்ளிகா வாங்குங்கள், அசலைத் துடைத்து வையுங்கள்.

அப்புறம், காட்சி மேசையில் பாதிப் பேர் ஹாமரை அரைக் காக் (பாதி இழுத்த நிலை) வரை இழுத்து அப்படியே இறக்குகிறார்கள். போல்ட் சிலிண்டரின் மேல் விழுந்து உரசி, சுற்றிலும் ஒரு வளையம் போட்டுவிடும். முழுக் காக் வரை இழுத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். தோட்டா ஐந்துதான்: ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு, முழுக் காக் செய்து இறக்கு. ஹாமர் காலி அறைமேல் உட்காரும்.

கருமருந்து45

ஆர்ட்டிலரி பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று விட்டுப்போனது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்த கோல்ட் தொன்மைப் பொருள், டீலரிடம் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவம் தேவையில்லை. தோட்டா போடும் ரெப்ளிகாவுக்கு அந்தப் படிவம் கட்டாயம். மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், தனியாகப் பாருங்கள்.

அரைக்காக்

ரெப்ளிகா வாங்குபவர்களுக்கு: முதலில் உடைவது ட்ரிக்கர்-போல்ட் ஸ்பிரிங், இரண்டு கால் கொண்ட பட்டை. போல்ட் பக்கத்துக் கால் போனால் முழுக் காக்கிலும் சிலிண்டர் விரலுக்குச் சுழலும், உடனே நிறுத்துங்கள். மாற்ற, சிலிண்டரை எடுத்து, பேக்ஸ்ட்ராப்பின் மூன்று ஸ்க்ரூ, மெயின் ஸ்பிரிங், பிறகு ட்ரிக்கர் கார்டின் மூன்று ஸ்க்ரூ. முனை இணையாகத் தீட்டிய ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் தொடாதீர்கள், ஆப்புமுனை போட்டால் தலை கிழிந்துவிடும். பட்டைக்குப் பதில் வளைகம்பி ஸ்பிரிங் போட்டால் நீண்ட நாள் தாங்கும்.